46 நாளில் பாலம் எழுந்தது, தனுஷ்கோடி ஸ்டேஷன் ஏன் எழவில்லை?

எழும்பூரில் ஒரே ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு, கொழும்பு கோட்டை நிலையத்தில் போய் இறங்க முடிந்த காலம் ஒன்று இருந்தது. 1914 முதல் 1964 வரை, சரியாக 50 ஆண்டுகள். தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னார் வரை நீராவிக் கப்பல், மறுபடி கொழும்பு வரை ரயில். நடுவில் இருந்த கடல் சுமார் 30 கிலோமீட்டர்தான். ரயிலும் கப்பலும் ஒரே பயணமாகச் சேர்ந்ததால் மக்கள் அதை போட் மெயில் என்றார்கள். அந்த வழியில் இந்தியப் பக்கத்துக் கடைசி ஊர் தனுஷ்கோடி. அந்த ஊரின் ஸ்டேஷனில் இன்று மிஞ்சியிருப்பது சில தூண்கள், இடிந்த சுவர்கள், இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கக் கட்டிய தொட்டியின் அடிக்கட்டு, அவ்வளவுதான்.

புயல் அழித்துவிட்டது என்று ஒரு வரியில் சொல்லி எல்லோரும் நகர்ந்துவிடுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் 1964 டிசம்பரில் அதே இரவில் அதே புயல், ராமேஸ்வரம் தீவைக் கரையோடு இணைத்த பாம்பன் ரயில் பாலத்தையும் பிய்த்துப் போட்டது. அந்தப் பாலம் 46 நாளில் மறுபடி எழுந்து ரயிலைத் தாங்கியது. அதிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருந்த தனுஷ்கோடி ஸ்டேஷனுக்கு 60 ஆண்டுகள் கடந்தும் ரயில் வரவில்லை. இடித்தது புயல், சரி. திரும்பக் கட்டாமல் விட்டது யார், எதனால்? இந்த ஆய்வு அந்தக் கேள்வியைப் பற்றியது.

மணல் திட்டில் ஏன் ஒரு ஸ்டேஷன்

ராமேஸ்வரம் தீவு கிழக்கே போகப் போக ஒடுங்கி, கடைசியில் ஒரு விரல் போல நீளும். அந்த விரலில்தான் தனுஷ்கோடி. தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை. இங்கத்திய மீனவர்கள் தெற்குக் கடலை ஆண் கடல் என்றும் வடக்குக் கடலை பெண் கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று பெரும்பாலும் கொந்தளித்துக்கொண்டிருக்கும், மற்றது பெரும்பாலும் குளம் போல அடங்கிக் கிடக்கும். நடுவில் இருப்பது வெறும் மணல். நின்ற இடத்தில் திரும்பினாலே இரண்டு கடலும் தெரியும். ஒரு ஆச்சரியம் உண்டு. அந்த மணலைக் கையால் கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். உப்புக் கடலுக்குப் பத்தடி தள்ளி, குழிக்குள் இறங்கி உட்கார்ந்து, ஊறி வரும் தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். அவசரப்பட்டு அழுத்தி மொண்டால் மணல் கலங்கிவிடும். குடம் நிறையும் வரை பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும். பெய்த மழை மணலுக்குள் இறங்கி, கனமான உப்பு நீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்பதால் வரும் தண்ணீர் அது. ஊர் நின்றதே அந்த ஊற்றை நம்பித்தான்.

இப்படிப்பட்ட இடத்தில் ஸ்டேஷன் கட்ட ஒரே காரணம், இலங்கைக்கு இதைவிடப் பக்கமான இந்திய நிலம் இல்லை. அதற்கு முன் கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடிக்கு ரயிலில் போய், அங்கிருந்து ஓர் இரவு முழுக்கக் கப்பலில் போக வேண்டும். தென்னிந்திய ரயில்வே கம்பெனி மதுரையிலிருந்து மண்டபம் வரை 1902இல் மீட்டர் கேஜ் பாதை போட்டது. அடுத்து மண்டபத்துக்கும் தீவுக்கும் நடுவே கடலில் பாலம். 1911இல் வேலை தொடங்கி, 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. நீளம் 2 கிலோமீட்டரைவிடக் கொஞ்சம் அதிகம். கப்பல் போகும்போது நடுவில் இரண்டாகப் பிளந்து மேலே தூக்கிக்கொள்ளும் ஷெர்சர் தூக்குப் பாலம் அதில் ஒரு பகுதி. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரைக்கும் கடல் மேலேயே தண்டவாளம் போட்டுவிடலாம் என்ற யோசனையும் அப்போது இருந்தது. செலவு தாங்காது என்று அதை விட்டுவிட்டுக் கப்பலை வைத்துக்கொண்டார்கள். எதிர்க்கரையிலும் அதே ஆண்டில் தலைமன்னார் துறை வரைக்கும் இலங்கை ரயில்வே பாதையைக் கொண்டு வந்து நிறுத்தியது.

அந்தக் காலத்துப் பாதை அமைப்பைப் பார்த்தாலே ரயில்வேயின் மனதில் எது பெரியது என்று புரிந்துவிடும். தீவுக்குள் நுழைந்ததும் பாம்பன் ஒரு ஜங்ஷன். அங்கிருந்து ஒரு தடம் ராமேஸ்வரத்துக்குப் பிரியும், இன்னொன்று தனுஷ்கோடிக்குப் போகும். கொழும்பு போகும் ரயில் ராமேஸ்வரத்துக்குள் நுழையாமலேயே தனுஷ்கோடிக்குப் போய்விடும். ராமேஸ்வரத்துக்காரர்களுக்கு அந்தத் தடத்தில் ராமேஸ்வரம் ரோடு என்று ஒரு நிறுத்தம் இருந்தது. கோயில் ஊரைக் கிளையில் வைத்துவிட்டு, கப்பல்துறையை முதன்மைத் தடத்தில் வைத்தார்கள். கடைசியில் காரணம் சொல்லப் போவது இந்த ஏற்பாடுதான்.

யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள்

ஸ்டேஷனோடு ஊரும் வளர்ந்தது. தபால் தந்தி அலுவலகம், சுங்க அலுவலகம், துறைமுக அலுவலகம், சின்ன ரயில்வே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தேவாலயம், ரயில்வே ஊழியர் குடியிருப்பு. சேது தீர்த்தமாட வருகிற யாத்ரீகர்கள் ஒருபுறம். மீனும் கருவாடும் ஏற்றுகிறவர்கள் ஒருபுறம். கப்பலிலிருந்து இறங்கி முதல் வகுப்புப் பெட்டியைத் தேடும் துரைமார்களும் இருந்தார்கள். இர்வின், கோஷன் என்ற இரண்டு நீராவிக் கப்பல்கள் இந்த வழியில் ஓடிப் பெயர் வாங்கியவை. ஒன்றுக்கு வைஸ்ராயின் பெயர், மற்றதற்குச் சென்னை மாகாண கவர்னரின் பெயர்.

ஆனால் இந்தத் தடத்தின் உண்மையான சுமை வேறு. கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன ஏழை ஜனங்கள்தான் அது. கங்காணி ஊர் ஊராகப் போய் ஆள் சேர்ப்பார். திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பும். மண்டபத்தில் இலங்கை அரசே நடத்திய முகாம் ஒன்று இருந்தது. அங்கே நாள்கணக்கில் தங்கவைத்து, உடம்பைப் பரிசோதித்து, தொற்று இல்லை என்று தெரிந்த பிறகுதான் மேலே அனுப்புவார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிறார்கள் என்பதைக் காட்டும் தகர வில்லையைக் கழுத்தில் மாட்டிவிட்ட காலமும் உண்டு. பெயருக்குப் பதில் ஒரு வில்லை. அதோடு அவர்கள் பாம்பன் தாண்டி, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலேறினார்கள். மலையகத் தமிழர் குடும்பம் ஒன்றில் தாத்தா வந்த கதையைக் கேட்டால் மண்டபமும் தலைமன்னாரும் கட்டாயம் வரும். நடுவில் இருந்த தனுஷ்கோடி பெரும்பாலும் சொல்லாமல் விடப்படும். அவர்களுக்கு அது சில மணி நேரம் காத்திருந்த இடம் மட்டுமே. ஸ்டேஷன்களுக்கு அப்படி ஒரு விதி.

இந்தத் தடத்தைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி அப்துல் கலாமின் சிறுவயதில் இருந்து வருவது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை ரத்து செய்துவிட்டார்கள். அதனால் ஓடுகிற ரயிலில் இருந்தே, ராமேஸ்வரம் ரோட்டுக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில், செய்தித்தாள் கட்டுகளை வெளியே எறிவார்கள். அந்தக் கட்டுகளைப் பொறுக்கி எடுக்கும் வேலை கலாமுக்குக் கிடைத்தது. அதுதான் அவருடைய முதல் சம்பளம். அவருடைய அப்பா யாத்ரீகர்களை ராமேஸ்வரத்தில் இருந்து தனுஷ்கோடிக்கு ஏற்றிப் போகப் படகு ஒன்று செய்து ஓட்டியவர். தனுஷ்கோடியை நம்பி எத்தனை வகைப் பிழைப்பு இருந்தது என்பதற்கு அந்த ஒரு வீடே போதும்.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த வழியின் தன்மை மாறியது. இரண்டு கரையும் இரண்டு நாடு. இலங்கை 1948இல் கொண்டு வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. பாஸ்போர்ட், விசா என்று வந்த பிறகு, நினைத்த மாத்திரத்தில் போய் வருவது நின்றது. கடைசியாக, 1964 அக்டோபர் 30 அன்று, சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா திரும்ப எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்பது ஏற்பாடு. அந்த ஐந்தேகால் லட்சம் பேர் திரும்பி வரும் வாசலாக இருந்திருக்க வேண்டியது தனுஷ்கோடி. தாத்தா ஏறிய அதே துறையில் பேரன் இறங்கியிருப்பான். ஒப்பந்தம் கையெழுத்தாகி 8 வாரம்கூட முழுதாக ஆகவில்லை.

டிசம்பர் 22, நள்ளிரவுக்கு 5 நிமிடம்

1964 டிசம்பர் 17ஆம் தேதி வாக்கில் தெற்கு அந்தமான் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானது. அது புயலாக வலுத்து, மேற்கே நகர்ந்து, 22ஆம் தேதி இலங்கையின் வவுனியாப் பக்கம் கடந்து, அன்று இரவே தனுஷ்கோடியை எட்டியது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் வரை இருந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். கடல் 7 மீட்டர் உயரத்துக்கு எழும்பி வந்தது. தனுஷ்கோடியின் மணல் திட்டு அதில் பாதி உயரம்கூட இருக்காது.

இந்தப் புயல் வந்த வழியை நினைத்துப் பார்க்க வேண்டும். பொதுவாக நம் கடற்கரையில் புயல் என்றால் திறந்த வங்கக் கடலில் இருந்து வரும். இது இலங்கை நிலத்தைத் தாண்டி வந்தது. நிலத்தைக் கடக்கும் புயல் பலம் குறையும் என்று நினைப்பது இயல்பு. வானிலையைக் கண்காணிக்க அன்றைக்கு இருந்தவை கடலில் போகும் கப்பல்கள் அனுப்பும் தகவலும் கரையோர நிலையங்களின் கருவிகளும்தான். புயலைக் கண்டறியும் ரேடார் இந்தியாவில் முதன்முதலாக விசாகப்பட்டினத்தில் வைக்கப்பட்டதே 1970இல். தவிர, டிசம்பர் என்றால் அந்தப் பக்கத்தில் வாடைக் காற்றும் மழையும் வழக்கமே. மழைக்கும் காற்றுக்கும் பயந்து ரயிலை நிறுத்தினால் மார்கழி முழுக்க ரயில் ஓடாது.

அப்படித்தான் 653ஆம் எண் பாம்பன் – தனுஷ்கோடி பாசஞ்சர் இரவு 11.55க்கு வழக்கம் போலக் கிளம்பியது. 6 பெட்டிகள். 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள்.

தனுஷ்கோடிக்குச் சில நூறு கெஜம் இருக்கும்போது சிக்னல் கிடைக்கவில்லை. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தக் காலத்து சிக்னல் என்பது கைகாட்டி மரம். உயரமான கம்பம், மேலே ஒரு இரும்புக் கை. கை நேராக நீட்டியிருந்தால் நில். கீழே சாய்ந்தால் வா. "கைகாட்டி இறங்கியாச்சு" என்று பிளாட்பாரத்தில் யாராவது சொன்னால் எல்லோரும் மூட்டையைத் தூக்குவார்கள். ஸ்டேஷனில் இருக்கும் நெம்புகோலை இழுத்தால், தரையோடு ஓடும் கம்பி வழியாக அந்தக் கை இறங்கும். கம்பி அறுந்துவிட்டால் கை தானாகவே 'நில்' நிலைக்கு மேலேறிக்கொள்ளும்படி எடை வைத்துச் செய்திருப்பார்கள். ராத்திரியில் கை கண்ணுக்குத் தெரியாது. அதற்காக மேலே ஓர் எண்ணெய் விளக்கு எரியும், கையோடு சேர்ந்து அசையும் வண்ணக் கண்ணாடி ஒன்று விளக்கின் முன்னால் வந்து நிற்கும். விளக்கு அணைந்திருந்தால் அதையும் 'நில்' என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், அது விதி.

ஓட்டுநர் விதிப்படி நிறுத்தினார். காத்திருந்தார். முன்னால் இருட்டு. ஸ்டேஷனில் இருந்து ஒரு சைகையும் இல்லை. தந்திக் கம்பமும் கம்பியும் போன பிறகு பாம்பனுக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே பேச வழியில்லை. இரண்டு பக்கமும் கடல் ஏறிக்கொண்டிருந்த ஒரு மணல் வரப்பின் மேல் ரயில் நின்றது. கடைசியில் அவர் நீளமாக ஊதிவிட்டு ரயிலை நகர்த்தினார். கொஞ்ச நேரத்தில் மலை போல வந்த அலை 6 பெட்டிகளையும் அடித்துக்கொண்டு போனது. 115 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள் இருந்திருந்தால் அந்தக் கணக்கில் அவர்கள் வரமாட்டார்கள்.

சென்னையில் இருந்த ரயில்வே தலைமையகத்துக்கு இது உறுதியாகத் தெரியவே இரண்டு நாளுக்கு மேல் ஆனது. ஒரு முழு ரயில் காணாமல் போய், அது காணாமல் போனதைச் சொல்லவும் ஆள் இல்லை. புயலில் மொத்தமாக இறந்தவர்கள் 1,800 பேருக்கும் மேல் என்று மதிப்பிடப்படுகிறது.

ஓட்டுநர் சிக்னல் இல்லாமல் ரயிலை எடுத்தது தவறு என்று சிலர் எழுதிப் படித்திருக்கிறேன். எனக்கு அதில் சம்மதம் இல்லை. அவர் முன்னால் இருந்தவை மூன்றே வழி. நின்ற இடத்திலேயே நிற்பது, பின்னால் தள்ளிக்கொண்டு போவது, முன்னால் போவது. நின்றிருந்தாலும் அதே அலை அதே மணலைக் கடந்துதான் வந்திருக்கும். பின்னால் போயிருந்தால் தண்டவாளத்துக்கு அடியில் மணல் இருக்கிறதா என்று தெரியாத பல மைல் தூரத்தை இருட்டில் கடக்க வேண்டும். முன்னால் கல் கட்டடம், மேடான பிளாட்பாரம், மனிதர்கள் இருப்பார்கள் என்ற நம்பிக்கை. அந்த ஸ்டேஷனும் அதே நேரத்தில் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. தடுக்க முடிந்த இடம் என்று ஒன்று உண்டென்றால் அது 11.55க்கு பாம்பனில்தான். அங்கே இருந்தவர்களுக்கும் தெரிந்தது வெறும் பலத்த மழையும் காற்றும். குறையாக நான் பார்ப்பது தனிமனிதர்களை அல்ல. ஒரே கம்பியை நம்பி, இரண்டு கடலுக்கு நடுவே, இன்னொரு வழியே இல்லாமல் ஒரு தடத்தை 50 ஆண்டுகள் ஓட்டியதைத்தான்.

பாலத்துக்கு ஒரு நியாயம்

பாம்பன் பாலத்தின் 126 கண்களில் இரும்பு உத்தரங்கள் கடலுக்குள் போயிருந்தன. கடலுக்குள் நின்ற தூண்களும் நடுவில் இருந்த ஷெர்சர் தூக்குப் பாலமும் தப்பின. சரிசெய்ய 6 மாதம் என்று ரயில்வே கெடு வைத்தது. தெற்கு ரயில்வேயின் பொது மேலாளர் அதை 3 மாதமாகக் குறைத்தார். வேலையை ஒப்படைத்தது 32 வயது இன்ஜினியர் ஒருவரிடம். பிற்காலத்தில் கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் கட்டிய ஈ. ஸ்ரீதரன்தான் அவர். மீனவர்கள் கடலடியில் உத்தரங்கள் கிடக்கும் இடத்தைச் சொல்ல, அவற்றையே தூக்கியெடுத்துத் திரும்பப் பொருத்தும் வழியை அவர் பிடித்தார். 46 நாளில் ரயில் ஓடியது. இந்திய ரயில்வே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வேலைகளில் இது ஒன்று, அந்தப் பெருமைக்கு முழுத் தகுதி உள்ள வேலை.

அந்த ரயில் போய் நின்றது ராமேஸ்வரத்தில். பாம்பனில் இருந்து தனுஷ்கோடிக்குப் பிரிந்த தடத்தை யாரும் தொடவில்லை. சென்னை மாநில அரசு தனுஷ்கோடியை மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது. இலங்கைக் கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாற்றப்பட்டது.

என் பார்வையில் ஸ்டேஷனின் கதை முடிந்தது டிசம்பர் 22ஆம் தேதி அல்ல, கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறிய அன்று. பாதை போட்டபோதே அந்த விதி எழுதப்பட்டுவிட்டது. ராமேஸ்வரத்துக்கு ரயில் இல்லையென்றாலும் கோயில் இருக்கும், அதனால் ஜனம் வரும், ஜனம் வருவதால் ரயில் வந்தே தீர வேண்டும். தனுஷ்கோடி அப்படி இல்லை. கப்பல் இருந்ததால் ரயில், ரயில் இருந்ததால் ஊர். அரை நூற்றாண்டு முதன்மைத் தடமாக இருந்தது ஒரே இரவில் தேவையில்லாத கிளையாகிவிட்டது. கிளையாக இருந்த ராமேஸ்வரம் முதன்மையாகிவிட்டது. பாலத்தை 46 நாளில் கட்டத் தூண்டிய அதே கணக்குதான் தனுஷ்கோடியைக் கைவிடவும் வைத்தது. அந்த முடிவு தவறு என்றும் நான் சொல்லமாட்டேன். 115 பேரை விழுங்கிய மணலில் மறுபடி ஒரு ஸ்டேஷன் கட்டி, அதில் ஊழியர் குடும்பங்களைக் குடிவைக்க எந்த அதிகாரியும் தயங்குவார், தயங்கவும் வேண்டும். ஆனால் ஸ்டேஷனோடு சேர்த்து ஊரையும் கணக்கில் இருந்து எடுத்துவிட்டார்கள், அங்கேதான் எனக்கு வலிக்கிறது.

ஏனென்றால் ஜனங்கள் போகவில்லை. மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்து ஓலைக் குடிசை போட்டுக்கொண்டார்கள். வாழத் தகுதியற்ற இடம் என்று காகிதத்தில் எழுதிவிட்டால் அங்கே மின்சாரம் தர வேண்டியதில்லை, சாலை போட வேண்டியதில்லை. நெடுங்காலம் அப்படித்தான் இருந்தார்கள். ஊருக்கு முன்பே, முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும். அப்புறம் மணலிலும் சேற்றிலும் திணறித் திணறிப் போகும் ஜீப்பும் வேனும்தான். இடிந்த ஸ்டேஷனைப் பார்க்க வருபவர்களிடம் சங்கும் பாசியும் விற்றுப் பிழைத்த கைகள், அந்த ஸ்டேஷன் உயிரோடு இருந்தபோது அதில் மீன் ஏற்றிய கைகளின் வாரிசுகள். மணல் திட்டின் கிழக்குக் கோடியான அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை திறந்தது 2017 ஜூலையில்.

ஒப்பந்தப்படி திரும்பிய ஜனங்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அந்தக் கப்பலும் 1980களின் முதல் பாதியில், இலங்கையில் இனக் கலவரம் வெடித்த பிறகு நின்றுபோனது. அதோடு போட் மெயிலில் போட் இல்லாமல் போனது.

அக்கரையில் நடந்தது

2015 மார்ச் 14 அன்று தலைமன்னார் துறை ஸ்டேஷனுக்கு மறுபடி ரயில் வந்தது. 1990இல் போரால் நின்றுபோன பாதை அது. இந்தியாவின் கடனுதவியில், இந்திய ரயில்வேயின் நிறுவனமான இர்கான் அதைத் திரும்பப் போட்டது. இந்தியப் பிரதமரே அங்கே போய்க் கொடியசைத்தார். இக்கரையில் நான்கு ஆண்டு கழித்து, 2019 மார்ச் 1 அன்று, ராமேஸ்வரம் – தனுஷ்கோடி பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். சுமார் 17 கிலோமீட்டர், ரூ.208 கோடி என்று அன்றைக்குச் சொன்ன கணக்கு. கூடவே புதிய பாம்பன் பாலத்துக்கும் அடிக்கல். பாலம் முடிந்து 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. பழைய பாலம் இரண்டாகப் பிளந்து தூக்கும், இதன் நடுப்பகுதி 72.5 மீட்டர் நீளத்துக்கு அப்படியே நேராக மேலே எழும்பும். தனுஷ்கோடிப் பாதையில் தண்டவாளம் விழவில்லை. மன்னார் வளைகுடாவின் சூழல், மணல் திட்டின் பலவீனம், நிலம் என்று மாநில அரசு ஆட்சேபம் தெரிவித்தது. திட்டம் நின்றுவிட்டது.

மறுபடி பாலத்துக்கு ஒரு நியாயம், ஸ்டேஷனுக்கு ஒரு நியாயம். 1965இல் நடந்தது அப்படியே இன்னொரு முறை.

ரயில் வேண்டுமா என்று கேட்டால், சுற்றுலாவுக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்பேன். செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்ப சாலையே போதும். மணல் திட்டைக் கெட்டிப்படுத்தி, கல் கொட்டி, கரையைக் கட்டிப் பாதை போட்டால், கடலாமை முட்டையிடும் கரையும் தண்ணீர் ஊறும் மணலும்தான் முதலில் போகும். கப்பல் திரும்ப வந்தால் கதை வேறு. நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் 2023இல் ஓடத் தொடங்கி, நின்று, மறுபடி ஓடியது. ராமேஸ்வரம் – தலைமன்னார் கப்பலைப் பற்றியும் இரண்டு அரசுகளும் பேசிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பேச்சு பலித்தால்கூடக் கப்பல் வந்து நிற்பது ராமேஸ்வரத்தில்தான். தனுஷ்கோடிக்கு அதில் வேலை இல்லை.

அதனால் நான் கேட்பது சின்ன விஷயம். இருக்கிற தூண்களும் தண்ணீர்த் தொட்டியும் உப்புக் காற்றில் வருடா வருடம் உதிர்கின்றன. ஏறி நின்று படம் எடுப்பவர்கள் காலால் உதிர்ப்பது தனி. கைகாட்டி எங்கே நின்றது, 653 எந்த இடத்தில் நின்றது, கப்பல்துறைக்குத் தண்டவாளம் எந்த வழியாகப் போனது என்பதைத் தரையில் குறித்து வைக்கலாம். கழுத்தில் வில்லையோடு இந்த வழியாகப் போனவர்களைப் பற்றி இரண்டு வரி எழுதி வைக்கலாம். அவர்களின் பேரப்பிள்ளைகள் நுவரெலியாவில் இருந்தும் ஹட்டனில் இருந்தும், நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் இருந்தும் இங்கே வருகிறார்கள்.

எழும்பூரில் இருந்து ராமேஸ்வரத்துக்கு தினமும் ஓடும் 16851ஆம் எண் ரயிலுக்கு இன்றும் போட் மெயில் என்றுதான் பெயர். காலையில் அது ராமேஸ்வரத்தில் வந்து நிற்கும். அக்கரையில் தலைமன்னார் துறையில் தண்டவாளம் கடற்கரை வரைக்கும் வந்து முடிகிறது. இக்கரையில் கடைசி 17 கிலோமீட்டருக்குத் தண்டவாளம் இல்லை.